தகரக் குடையும் அணிலும்

முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதும், படுத்தபடியே பார்த்துப் பொழுது போக்கட்டும் என்று கொல்லையில் ஒரு கம்பம் நட்டு, உச்சியில் குருவிகளுக்குத் தானியத் தட்டு வைத்தார்.

குருவிகளுக்கு முன்னால் அணில் வந்துவிட்டது. கம்பத்தில் கிரீஸ் தடவினார். இரண்டு நாள் சறுக்கிய அணில், மூன்றாம் நாள் மதிலிலிருந்து ஒரே தாவில் தட்டில் போய் உட்கார்ந்தது. கம்பத்தைத் தள்ளி நட்டார். கிரீஸ் காய்ந்ததும் பழையபடி ஏறியது.

"முப்பது வருஷமா மனுஷங்களை மேல ஏத்தினேன். ஒரு அணிலை ஏறவிடாம தடுக்க முடியலையே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கடைசியில், கம்பத்தின் நடுவில் மாட்டத் தகரத்தில் குடை மாதிரி ஒன்று வெட்டினார். அதை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தபோது ஜன்னல் கம்பியைத் தட்டும் சத்தம் கேட்டது. எழுந்து நிற்கவே பயந்து, பயிற்சி கொடுக்க வந்தவரையும் திட்டி அனுப்பிய மனைவி, வாக்கரைப் பிடித்து ஜன்னல் வரை நடந்து வந்திருந்தாள்.

"போ, திருட்டுப் பயலே!" என்று அணிலை விரட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் சத்தம் காட்டாமல் தகரத்தைக் கொட்டகையில் ஒளித்து வைத்தார்.

"ஏங்க, அந்தத் தகர வேலை என்னாச்சு?"

"அளவு தப்பிப்போச்சும்மா. மறுபடி வெட்ட ஒரு மாசமாவது ஆகும்."

"அதுவரைக்கும் இதை யாரு விரட்டுறது?"

"நீதான்."

முணுமுணுத்துக்கொண்டே விரட்டினாள். மாதம் முடிவதற்குள் வாக்கர் இல்லாமல் கொல்லைப் படி இறங்கிவிட்டாள். தானியம்தான் வாரத்துக்கு இரண்டு கிலோ போனது.