பொன்னுருக்குக்குப் பிறகு மூன்று நாள்

எங்கள் நால்வருக்கும் முப்பது வயது தாண்டிவிட்டது. ஆனாலும் ஒஸ்லோத் தமிழ்ச் சனத்துக்கு நாங்கள் "பொடியங்கள்"தான். அப்படிச் சொல்வது எங்களுக்கும் வசதியாகவே இருந்தது. பதின்மூன்று, பதினான்கு வயதில் ஒரே வகுப்பில் இருந்து நோர்வேஜிய மொழி படிக்கத் தொடங்கிய கூட்டம் அது. ஒரு கலியாண வீட்டையும் நாங்கள் ஒழுங்காக நடக்க விட்டதில்லை. மாப்பிள்ளையின் சப்பாத்தை ஒளித்திருக்கிறோம். வீடியோக்காரரின் விளக்கை வேண்டுமென்றே அணைத்திருக்கிறோம். பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவர்களில் பாதிப்பேர் எங்களைப் பொறுத்துக்கொண்டுதான் இருந்தார்கள் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

நால்வரில் முதலில் கலியாணம் பொருந்தியவனுக்கு வாய்த்த பெண், நான் விரும்பியவளின் தங்கை. அக்காவும் நானும் நான்கு வருடமாகப் பழகிக்கொண்டிருந்தோம். அவள் மருத்துவமனையில் தாதியாக இருந்தாள். டி-பான் ரயிலில் கடைசி ஸ்டேஷன்வரை போய், தெரிந்த முகங்கள் இல்லாத பக்கமாக நடந்து கதைப்போம். வீட்டுக்கு வந்து பெண் கேட்கும்படி அவள் சொல்லும்போதெல்லாம் என்னிடம் ஒரு சாட்டுத் தயாராக இருந்தது. வேலை நிரந்தரமாகட்டும், தனி வீடு கிடைக்கட்டும், கோடை விடுமுறை முடியட்டும். அவளோ வந்த சம்பந்தங்களையெல்லாம் மேல்படிப்பைச் சொல்லித் தட்டிக்கழித்தாள். கடைசியில் தங்கை முந்திவிட்டாள். மூத்தவள் இருக்க இளையவளுக்கா என்று சனம் கதைத்ததை அவள் தனியாகத்தான் தாங்கினாள். அப்போதும் நான் அடுத்த கோடையைப் பற்றியே பேசினேன்.

கலியாணம் ஞாயிற்றுக்கிழமை. வியாழன் காலை மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கு. பத்தர் சின்னக் காஸ் அடுப்பை வைத்துத் தாலிக்கான பொன்னை உருக்கும்போது கூரையிலிருந்த புகைமணி அலறியது. நான் கதிரையில் ஏறி அதைக் கழற்றினேன். எல்லோரும் சிரித்தார்கள். பொன் உருக்கிவிட்டால் தாலி கட்டும்வரை பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூடாது. மாப்பிள்ளை வீட்டை விட்டு இறங்கக்கூடாது என்பதில் அவன் தாய் இன்னும் கண்டிப்பாக இருந்தார். காவலுக்கு அவர் என்னைப் பிடித்தார்.

"தம்பி, ஞாயிறு வரைக்கும் இவன் வாசல் தாண்டக்கூடாது. நீதான் பொறுப்பு."

"ஓம் அன்ரி. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

அன்று பின்னேரம் நான் விரும்பியவள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அப்பாவுக்கு எங்களைப் பற்றிச் சொல்லிப்போட்டன்."

"என்னவாம்?"

"மாப்பிள்ளையோடை நிக்கிறவரோ எண்டு கேட்டார். ஓம் எண்டன். கலியாணம் முடிய வரச்சொல்லு, கதைப்பம் எண்டார்." அதோடு சொன்னாள்: "மூண்டு நாள்தானே. பெரிய மனிசன் மாதிரி இருங்கோ."

சந்தோஷமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. நான்கு வருடம் தள்ளிவைத்தது இப்படி ஒரே மூச்சில் வாசலுக்கு வந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மற்ற இருவரும் ஒரு பையோடு வந்தார்கள். கலியாணத்துக்கு முன் மாப்பிள்ளையைக் கடத்திக்கொண்டு போய், கோமாளி வேடம் போட்டுத் தெருவில் நிறுத்துவது நோர்வேக்காரர் வழக்கம். எங்களுடன் வேலை செய்தவர்களுக்கு நடந்ததையெல்லாம் பார்த்திருந்தோம். பைக்குள் ஒரு சிவப்புச் சேலையும் பொய்முடியும் ஊதுகுழலும் இருந்தன.

"ஒரு மணித்தியாலம் மச்சான். அன்ரி கோயிலுக்குப் போட்டா."

"வேண்டாமடா" என்றேன். ஒரே ஒருமுறைதான் சொன்னேன். பிறகு மாப்பிள்ளையின் கண்ணைக் கட்டியதும் நான்தான்.

நகர நடுவில், சனம் நிறைந்த கடைத்தெருவில் அவனை நிறுத்தினோம். சேலை கட்டிய மாப்பிள்ளை, பொன்னுருக்கு வீட்டில் மிஞ்சிய வடையைத் தட்டில் வைத்துக்கொண்டு போவோர் வருவோருக்கெல்லாம் நீட்டினான். அவனும் விழுந்து விழுந்து சிரித்தான். நான் குழலை ஊதி ஆள் சேர்த்தேன். நான்காம் தரமோ ஐந்தாம் தரமோ ஊதும்போதுதான் அவர்களைக் கண்டேன். தலையலங்காரத்தை ஒருமுறை போட்டுப் பார்க்க அக்கா தங்கையைக் கூட்டி வந்திருந்தாள்.

பெண் அவனை நேருக்கு நேர் பார்த்துவிட்டாள். அக்கா சால்வையால் அவள் கண்ணை மறைத்தபோது எல்லாம் பிந்திவிட்டது. புதிதாகச் சோடித்த தலையோடு அந்தப் பிள்ளை தெருவில் நின்று அழுதது. அக்கா மாப்பிள்ளையைப் பார்க்கவே இல்லை. என்னிடம் வந்தாள். குழல் இன்னும் என் வாயருகில் இருந்தது.

"நீங்கள் அங்கை நிக்கிறியள் எண்ட நம்பிக்கையிலைதான் நான் இவளை வெளியிலை கூட்டி வந்தனான்."

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நான் ஏதாவது பகிடி சொல்லித் தப்பியிருப்பேன்.

கோயிலில் ஒரு அர்ச்சனை செய்து பெரியவர்கள் விஷயத்தைச் சமாளித்தார்கள். கலியாணம் நல்லபடி நடந்தது. அன்ரி என்னை ஏசவில்லை. பந்தியில் தன் கையாலேயே எனக்குச் சோறு போட்டார்.

ஆனால் என் வாழ்க்கை அந்தத் தெருவில் முடியவில்லை. அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அடுத்த வாரமே அவள் கதைத்தாள். "ஒருக்கா வந்து அப்பாவிட்டை மன்னிப்புக் கேளுங்கோ. அது காணும்." வருகிற கிழமை வருகிறேன் என்றேன். சூடு ஆறட்டும் என்று நினைத்தேன். அந்த வருகிற கிழமையை மார்கழிவரை இழுத்தேன். அதன்பிறகு அவள் தொலைபேசி எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை, வெட்கத்தில். வெட்கம் என்பதும் என்னுடைய சாட்டுகளில் ஒன்று என்று இப்போது படுகிறது.

இரண்டு வருடம் கழித்து அவளுக்குப் பேர்கன் நகரில் மாப்பிள்ளை பார்த்தார்கள். அவருக்கு ஒஸ்லோவில் வீடு இல்லாததால் அவள் தங்கையைக் கட்டிய என் நண்பன் வீட்டில்தான் தங்கினார்; பொன்னுருக்கும் அங்கேதான். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தே, கலியாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை அவனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"பின்னேரம் பந்தடிக்க வாறியோ?"

அவனுக்குப் பின்னால் யாரோ தமிழில் சிரித்துக் கதைப்பது கேட்டது.

"இண்டைக்கு வெளிக்கிடேலாது மச்சான்" என்றான். "மாப்பிள்ளையோடை நான்தான் நிக்கிறன்."

ஞாயிற்றுக்கிழமைவரை அவன் வாசல் தாண்டவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.