சனிக்கிழமை வகுப்பில் நடந்த திருட்டு

துப்பறியும் நாவல் ஒன்றைப் பள்ளி இறுதியாண்டான ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு நடத்தியபோது எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பள்ளியில் தமிழ் இலக்கியம் விருப்பப் பாடம், சனிக்கிழமைதான் வகுப்பு. கெலுகோர் வட்டாரத்துப் பிள்ளைகள் ஒன்பது பேர் தூக்கக் கலக்கத்தோடு வருவார்கள், கொட்டாவி விடுவார்கள், போவார்கள். இந்த நாவலைத் தொட்ட பிறகு கொட்டாவி நின்றது. அந்தப் பெருமையில்தான் கெட்டேன்.

ஒரு சனிக்கிழமை, என் குறிப்புகள் நிறைந்த நாவலை யாரும் பார்க்காமல் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். இடைவேளை முடிந்து எல்லாரும் திரும்பியதும், மேசைமேல் வைத்த புத்தகத்தைக் காணோம் என்றேன். சும்மா ஒரு பயிற்சி. ஆனால் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டதால் பிள்ளைகள் உண்மை என்றே நம்பினார்கள். யார் எடுத்தது என்று நாவலில் வருவதுபோல நீங்களே கண்டுபிடியுங்கள் என்றேன்.

முதல் வரிசையில் ஒரு கெட்டிக்காரி உண்டு. அவள்தான் எழுந்தாள்.

"பிரேக் டைம்ல கிளாஸ்ல இருந்தது யாரு? அதத்தான் மொதல்ல பாக்கணும் லா."

எல்லாத் தலைகளும் கடைசி வரிசைப் பெண் பக்கம் திரும்பின. மற்றவர்கள் எதிரே உள்ள ரொட்டி சானாய் கடைக்கு ஓடும்போது அவள் மட்டும் உட்கார்ந்து அடுத்த அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருப்பாள். அந்த வகுப்பில் இலக்கியத்தை ஆசையாகப் படித்தவள் அவள் ஒருத்திதான். ஏன் சாப்பிடப் போகவில்லை என்று கேட்டால், "தைப்பூச விரதம் டீச்சர், மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் சாப்பிட மாட்டேன்" என்பாள். விரதம் என்றால் நம் ஆட்கள் மேற்கொண்டு கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

கெட்டிக்காரி விடவில்லை. "தைப்பூசம் முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு. தண்ணீர்மலை கோயில்ல பால்குடத்த எறக்கி வச்சிட்டு பந்தல்ல சாப்பிட்டா. நானே பக்கத்துல இருந்தேன். இன்னும் என்ன விரதம்? பொய் சொல்றா, டீச்சர்."

"சபாஷ்!" என்றேன். கையும் தட்டினேன். "பார்த்தீங்களா, இதுதான் துப்பு!"

தட்டிய பிறகுதான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். திருவிழா முடிந்தும் ஒருத்தி ஏன் விரதம் என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நொடியே பையைத் திறந்திருக்க வேண்டும். நானோ பாடம் கெடாமல் எப்படி முடிப்பது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"நான்தான் எடுத்தேன், டீச்சர். மன்னிச்சிடுங்க."

கடையில் சாப்பிடக் கையில் காசில்லை என்று சொல்வதைவிடத் திருடி என்று பெயர் வாங்குவது அவளுக்குத் தேவலை என்று பட்டிருக்கிறது. அவசரமாகப் புத்தகத்தை எடுத்துக் காட்டி, எல்லாம் விளையாட்டு என்றேன்.

"அப்புறம் ஏன் இவ எடுத்தேன்னு சொன்னா?" என்றாள் கெட்டிக்காரி. ஒவ்வோர் அத்தியாயத்திலும் கேட்கச் சொல்லி நானே பழக்கிய கேள்வி.

"நான்தான் அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தேன்" என்று புளுகினேன். வகுப்பே அவள் நடிப்புக்குக் கைதட்டியது. அவள் தலையை நிமிர்த்தவில்லை.

செய்தது போதாதென்று, அடுத்த சனிக்கிழமை எல்லாருக்கும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போனேன். யாருக்காக வாங்கினேன் என்று கண்டுபிடிக்க அந்த வகுப்புக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஒருவரும் அவள் பக்கம் பார்க்கவில்லை. அவள் பாதிப் பொட்டலத்தை மெதுவாகச் சாப்பிட்டு, மீதியை மடித்து வைத்தாள்.

அதற்கடுத்த இரண்டு சனிக்கிழமையும் அவள் வகுப்புக்கு வரவில்லை. திங்கட்கிழமை மாடிப்படியில் பிடித்து நிறுத்தினேன்.

"இலக்கியத்த விட்டுட்டேன், டீச்சர்."

மன்னிப்புக் கேட்கத்தான் நிறுத்தினேன். ஆனால் வாயில் வந்தது வேறு. "ஏம்மா, உனக்குப் பிடிச்ச பாடமாச்சே?"

"முன்னாடி யாருக்கும் தெரியாது, டீச்சர். அதான் வர முடிஞ்சிச்சு."