தண்ணீரில் கண்டம்

இருபத்தொரு வயது முடியும்வரை எனக்குத் தண்ணீரில் கண்டம் என்று ஜாதகம் சொன்னது. சுற்றிலும் கடல் உள்ள ஊரில் இதை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பது? அம்மாவுக்கோ அது வேதவாக்கு.

ஃபேரர் பார்க் நீச்சல்குளத்தில் திருட்டுத்தனமாக நீந்தக் கற்றவன் நான். அறுபதுகளின் நடுவில் ஒரு கப்பல் பட்டறையில் முக்குளிப்புப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். கப்பலின் அடிப்பக்கத்தை நீருக்குள் இறங்கிச் சோதிக்கிற வேலை. பரீட்சையில் தேறினால் சான்றிதழ். அது இருந்தால்தான் நிரந்தர வேலை. அம்மாவிடம் ஸ்டோரில் வேலை என்று புளுகியிருந்தேன்.

பரீட்சை, இருபத்தொரு வயது முடியும் பிறந்தநாளுக்கு நான்கு நாள் முன்னால் வந்து விழுந்தது. ஜாதகமாவது மண்ணாவது என்று எங்கள் பேட்டையான தேக்கா முழுக்கப் பேசித் திரிந்தவன், அன்று காலை விரல்விட்டு நாளை எண்ணினேன்.

கடலடியில் கண்ணாடி முகமூடியைக் கழற்றி, மறுபடி மாட்டி, உள்ளே புகுந்த நீரை மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். கழற்றியதுமே மூக்கில் உப்புநீர் ஏறியது. இதுதான் அந்தக் கண்டம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மேலே ஏறினால் பிழைக்கலாம், வேலை போய்விடும். பாழாய்ப்போன நான்கு நாளைத் திட்டிக்கொண்டே வாயிலிருந்த காற்றுக்குழாயைக் கடித்து மூச்சை இழுத்தேன். முகமூடியை மாட்டி ஊதினேன். நீர் வடிந்தது. எதிரே பரிசோதகர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்து, சரி என்று காட்டினார். அப்பாடா என்றிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"தெரியும்" என்றாள். "தினமும் மூஞ்சில வட்டமா அச்சு வாங்கிட்டு வர்றே. எந்த ஸ்டோர்ல மூஞ்சிய இறுக்கிக் கட்டுறாங்க? உன் சட்டைப் பையில இருந்த கடுதாசிய ஆபீஸ்ல எழுத்து வேலை பாக்குற பக்கத்து வீட்டு கிராணி படிச்சுச் சொன்னாரு, இன்னைக்குத்தான் பரீட்சைன்னு."

"அப்புறம் ஏம்மா தடுக்கல?"

"தடுத்தாலும் நீ போவே. என் பயத்தையும் சுமந்துக்கிட்டு தண்ணியில எறங்கணுமா?"

சோறு போட எழுந்தாள். காலையில் ஆக்கிய சோறு பானையில் கை படாமல் அப்படியே இருந்தது. அன்று முழுக்க அவள் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சொம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினேன். மடமடவென்று குடித்தாள்.