ஆழத்திலிருந்து சத்தம் வராது

ஆண்டனிராஜை எனக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். அத்தனை வருடத்தில் அவர் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் அரைமணி நேரம் தேறாது. பேகம்பூரில் ஹாமித் பாயின் மோட்டார் கடையில் வேலை. கிணற்றில் மோட்டார் இறக்குவார், பழுதானதை மேலே ஏற்றுவார். திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள எழுபது எண்பதடிக் கிணறுகளில் அவர் இறங்காதது குறைவு. அதனால் எங்கே யார் கிணற்றில் விழுந்தாலும், தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்ன கையோடு இவருக்கும் ஃபோன் போகும். வண்டி வந்து சேர்வதற்குள் இவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பாதிக் கிணறு இறங்கியிருப்பார்.

இதுவரை நாற்பத்தொரு பேரை எடுத்திருக்கிறார் என்று ஹாமித் பாய் சொல்லித்தான் தெரியும். உயிரோடு எடுத்தது மூன்று பேரை. விழுந்தது ஆடானாலும் ஆளானாலும் அவருக்கு ஒரே முகம்தான். மேலே வந்ததும் துண்டு கேட்பார். தலையைத் துவட்டிவிட்டு, பாதியில் விட்ட வேலைக்குப் போய்விடுவார். ஒப்பாரி நடக்கிற இடத்தில் இப்படித் துண்டு கேட்கிற ஆளை யாருக்குப் பிடிக்கும்? எனக்கும் பிடிக்காது.

போன வருடம் மே மாதம் தாடிக்கொம்பு பக்கம் கிளெமென்ட்டின் தோட்டத்துக் கிணற்றில் அவன் மகள் அனிஷா விழுந்தாள். நான்கு வயது. அவள் அம்மா ஐரின் அடுப்படியில் மிக்ஸி போட்டுச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். கிணறு அங்கிருந்து இருபதடி. மிக்ஸியை நிறுத்திவிட்டு வெளியே வந்தால், கிணற்று மேட்டில் ஒரு செருப்பு மட்டும் கிடந்தது. ஆண்டனிராஜ் இரண்டாவது முங்கில் பிள்ளையை எடுத்துவந்தார். முன்கையில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். கிளெமென்ட் வந்து கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு துண்டு கேட்டார்.

அன்றைக்கு ஓய்ந்த மிக்ஸியை ஐரின் திரும்பத் தொடவில்லை. துக்கம் விசாரிக்கப் போனவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னாள்.

"அவ என்னயக் கூப்ட்டிருப்பா. மிக்ஸி சத்தத்துல எனக்குக் கேக்கல."

நானும் போயிருந்தேன். பங்குக் கோயிலில் மறைக்கல்வி சொல்லிக் கொடுக்கிறவள் சும்மா வரலாமா? "ஆண்டவருக்குக் கேட்டிருக்கும்மா" என்றேன். ஐரின் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவருக்குக் கேட்டுச்சு. பெத்தவ எனக்குக் கேக்கலயா டீச்சர்?"

அதோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். மூன்று செபம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

இந்த வருடம் அவளுக்கு ஒரு பையன் பிறந்தான். ஜெரின். திருமுழுக்கில், அதாவது ஞானஸ்நானத்தில், பிள்ளையை ஏந்துகிற ஞானத்தகப்பன் ஆண்டனிராஜ்தான் என்று ஐரின் பிடிவாதமாக நின்றாள். "பொணம் தூக்குற கையில பச்சப்பிள்ளையவா குடுப்பாக?" என்று மாமியார் சண்டை பிடித்தாள். "அனிஷாவக் கடைசியாத் தூக்குனது அந்தக் கைதான். இவனயும் தூக்கட்டும்" என்றாள் ஐரின். கிளெமென்ட் போய்க் கேட்டதற்கு ஆண்டனிராஜ் "சரி" என்றாராம். அவர் எதற்குமே சரி என்றுதான் சொல்வார்.

எங்கள் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. திருமுழுக்குக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் வகுப்புக்கு வந்தே தீரவேண்டும். பதினெட்டு வருடமாக அந்த வகுப்பை எடுப்பது நான். பதினெட்டு வருடமாக ஒரே நோட்டு. நோவா காலத்து வெள்ளத்தில் ஆரம்பித்துச் செங்கடல் வழியாக வருவேன். மறைநூலில் ஆழத் தண்ணீர் என்றால் சாவு, மனிதன் கால் ஊன்ற முடியாத இடம், அதற்குள் கிறிஸ்துவோடு இறங்கி அவரோடு எழுவதுதான் திருமுழுக்கு என்று விளக்குவேன். எனக்கு நீச்சல் தெரியாது. ஆழத்தைப் பற்றிப் பேச அது ஒருநாளும் இடைஞ்சலாக இருந்ததில்லை.

அன்றைக்கு முன்வரிசையில் ஐரின் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்தாவது சில பக்கங்களைத் தள்ளியிருக்க வேண்டும். நோட்டில் இருந்தது, வாசித்தேன். யோனா மீன் வயிற்றுக்குள்ளிருந்து கூப்பிட்டார். பேதுரு முங்கும்போது காப்பாற்றச் சொல்லிக் கத்தினார். திருப்பாடலில் கழுத்துவரை தண்ணீர் வந்தவன் தொண்டை வறளும்வரை கூப்பிடுகிறான். ஆழத்திலிருந்து கூப்பிட்ட ஒருவரையும் ஆண்டவர் கைவிடவில்லை என்று முடித்தேன். ஐரின் தலை குனிந்துகொண்டே போனது.

"டீச்சர்," என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது. ஆண்டனிராஜ். "முங்குறவங்க கத்த மாட்டாங்க."

"என்ன சொல்றீங்க?"

"சத்தம் வராது டீச்சர். வாய் தண்ணிக்கு மேல வந்தா மூச்சு இழுக்கத்தான் நேரம் இருக்கும். உடனே உள்ள போயிரும். கையக்கூட தூக்க முடியாது. கிணத்து மேட்டுல நிக்கிறவனுக்கே தெரியாது. கத்துறான்னா அவன் இன்னும் முங்கலன்னு அர்த்தம்." என் நோட்டைக் கையால் காட்டினார். பிறகு கேட்டார்: "கத்த முடியாதவங்களப் பத்தி அதுல ஏதாச்சும் போட்டிருக்கா?"

நோட்டைப் புரட்டினேன். தேடுகிற மாதிரி புரட்டினேன் என்பதுதான் உண்மை. இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஐரின் திரும்பி உட்கார்ந்தாள். "அண்ணே, மிக்ஸி ஓடாம இருந்திருந்தா?"

"கேட்டிருக்காது தாயி."

"பக்கத்துல துணி துவச்சுக்கிட்டு இருந்திருந்தா?"

"அப்பவும் கேட்டிருக்காது. கண்ணு அது மேலயே இருந்தாத்தான் தெரியும்."

ஆறுதல் சொல்கிற குரலே இல்லை. இந்தக் கிணற்றுக்கு இத்தனை குதிரைசக்தி மோட்டார் போதும் என்று சொல்கிற குரல். ஐரின் அழவில்லை. பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, "அப்ப அவ என்னயக் கூப்புடல" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. நான் வகுப்பை முடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து நோட்டில் அந்தக் கடைசி வரியை அடித்தேன். அதற்குப் பதிலாக எழுத ஒன்றும் வரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்து ஆறு பிள்ளைகளுக்குத் திருமுழுக்கு. ஐந்து பிள்ளைகள் தலையில் தண்ணீர் பட்டதும் கோயில் அதிரக் கத்தின. ஆறாவது ஜெரின். ஆண்டனிராஜ் அவனை ஏந்திக்கொண்டு திருமுழுக்குத் தொட்டிப் பக்கம் குனிந்தார். ஃபாதர் முதல் முறை ஊற்றினார். ஜெரின் வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. இரண்டாம் முறை ஊற்றினார். வாய் திறந்தபடியே இருந்தது, முகம் கருஞ்சிவப்பாக ஏறியது. பச்சைப்பிள்ளைகள் சில நேரம் அப்படி மூச்சைப் பிடித்துக்கொள்ளும். பிள்ளை பெற்றவர்களுக்கெல்லாம் அது தெரியும். ஆண்டனிராஜின் கைக்குத் தெரியவில்லை. ஃபாதர் மூன்றாம் முறை தண்ணீர் அள்ளுவதற்குள், அவர் பிள்ளையை முன்கையில் குப்புறப் போட்டு முதுகில் தட்ட ஆரம்பித்துவிட்டார்.

ஒன்று. இரண்டு. ஃபாதர் கையில் தண்ணீரோடு அப்படியே நின்றார். மாமியார் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். மூன்றாவது தட்டில் ஜெரின் கத்தினான். முன்பு கத்திய ஐந்து பிள்ளைகளையும் தோற்கடிக்கிற கத்தல். ஃபாதர் விவரமானவர், அந்தப் பிடரியிலேயே மூன்றாவது தண்ணீரையும் ஊற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

கிளெமென்ட் பிள்ளையை வாங்கிச் சமாதானப்படுத்தக் கையை நீட்டினான். ஐரின் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அமத்தாதீங்க. செத்த நேரம் கத்தட்டும்."

அவன் கத்தினான். கோயில் காலியாகி, மெழுகுதிரிகளை அணைத்து முடிக்கிறவரை கத்தினான். ஆண்டனிராஜ் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிள்ளையின் வாயைத் தன் காதோரம் வைத்துக்கொண்டு, சட்டையெல்லாம் நனைந்து, தொட்டிப் பக்கத்திலேயே நின்றார். நான் துண்டை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.