அடைத்த ஊற்று

அந்த அணையைக் கட்டியவர்கள் சிமெண்டைப் பார்க்காதவர்கள். கருங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான். போடிக்கு மேலே, ஏலத்தோட்டங்கள் தொடங்கும் சரிவில், இரண்டு குன்றுகளுக்கு நடுவே அது நின்றது. உதவிப் பொறியாளராக நான் அங்கே போனபோது அதன் வெளிச்சுவரில் வெள்ளை வெள்ளையாக ஏதோ வழிந்து உறைந்திருந்தது. பல தலைமுறையாகக் கசிந்த தண்ணீர் உள்ளேயிருந்த சுண்ணாம்பைக் கரைத்து வெளியே கொண்டு வந்திருந்தது. துளை போட்டுப் பார்த்தால் சுவருக்குள் பல இடங்களில் வெறும் பொந்து. அணை உடைந்தால் தண்ணீர் போகிற வழியில் ஊர்கள் இருக்கின்றன. என் அப்பா அம்மா குடியிருக்கும் வீடும் அந்த வழியில்தான்.

மேலிருந்து அடிவரை துளையிட்டு, சிமெண்டுப் பாலை அழுத்தத்தோடு உள்ளே செலுத்திப் பொந்துகளை அடைப்பது எங்கள் வேலை. ஐப்பசி மழைக்கு முன் முடித்தாக வேண்டும். அதற்காக அணைத் தண்ணீரைப் பாதிக்கும் கீழே இறக்கியிருந்தோம்.

அணைக்குக் கீழே பாறையிடுக்கில் ஓர் ஊற்று இருந்தது. கோடையிலும் வற்றாது. ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் இருக்கும் லயம், அதாவது பதினொரு வீடுகள் ஒட்டினாற்போல நிற்கும் ஒரு வரிசை, அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது. அங்கே ஒரு அக்கா எனக்குப் பழக்கமானார். நாற்பது வயதிருக்கும். ஏலக்காய் எடுக்கப் போகாத நாட்களில் எங்களுக்குப் பால் இல்லாத கட்டன் சாயா போட்டுக் கொண்டுவருவார்.

கசிவு எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க, அணைத் தண்ணீரில் ஓரிடத்தில் சாயம் கரைத்துவிட்டோம். மறுநாள் காலை அந்த அக்கா குடத்தோடு மேலே ஏறி வந்தார்.

"தண்ணில என்னத்த மேடம் கலந்தீக? குடத்துக்குள்ள பச்சப் பாம்பு நெளியிறாப்புல இருக்கு."

"சாயம்க்கா. உடம்புக்கு ஒண்ணும் செய்யாது. ரெண்டு நாள்ல போயிரும்."

அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க முடியாது. தேடிய வழி கிடைத்துவிட்டது. என் மேலதிகாரியான செயற்பொறியாளர் மேசையைத் தட்டி, "பிடிச்சுட்டோம்மா" என்றார். மாலை ஜீப்பில் மலையிறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. லயத்துக்காரர்கள் ஊற்று என்று நம்பியது ஊற்றே இல்லை. அணையின் ஓட்டை. அதை அடைத்தால் அந்த லயத்துக்குத் தண்ணீர் கிடையாது.

முதலில் லயத்துக்கு ஒரு குழாய் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். செயற்பொறியாளர் கெட்டவரல்ல. இரண்டு முறை படித்தார்.

"வேலைப் பட்டியல்ல இல்லாததை நான் எப்படிம்மா சேக்கிறது? லயம் எஸ்டேட்டோடது. அவங்களுக்கு ஒரு கடிதம் போடு."

போட்டேன். அணை உங்களுடையது, தண்ணீரும் உங்கள் பொறுப்பு என்று எஸ்டேட்டிலிருந்து பதில் வந்தது. திரும்பவும் எழுதினேன். அதற்குப் பதிலே இல்லை. ஊற்றுக்கு நேரே இருந்த ஆறு துளைகளைக் கடைசிக்குத் தள்ளிவைத்தேன். பிறகு தள்ள வேறு துளை இல்லை. கேரளப் பக்கம் மேகம் கட்டத் தொடங்கியிருந்தது. "நாளைக்கு அந்த ஆறையும் ஆரம்பிச்சிருவோம்" என்றார் செயற்பொறியாளர். அதற்கான உத்தரவுத் தாளில் கையெழுத்துப் போட்டது நான்தான்.

அந்த அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன்.

"ஊத்து நின்னுருமா? எங்க மாமியா காலத்துலருந்து ஓடுதே தாயி."

"அது ஊத்து இல்லக்கா, அணை கசியிது. அடைக்கலேன்னா அணை நிக்காது."

கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தார். "அப்ப குடிக்கிறதுக்கு?"

"குழாய் வரும்."

"எப்ப?"

"வெரசா வந்துரும்க்கா."

எந்தத் தாளிலும் இல்லாத ஒன்றை, வீட்டில் பேசுகிற வார்த்தையில் சொல்லிவிட்டு வந்தேன். அவர் நம்பினார்.

துளைகள் சிமெண்டுப் பாலைக் குடித்துக்கொண்டே இருந்தன. மூன்றாம் நாள் அழுத்தமானியின் முள் ஏறி நின்றது. கசிவு நின்றுவிட்டது. தொழிலாளர்களுக்கு லட்டு வாங்கிக் கொடுத்தார்கள். கீழே பாறையில் ஈரத்தடம் மட்டும் இருந்தது. இரண்டு நாளில் அதுவும் காய்ந்தது.

லயத்துப் பெண்கள் அணைக்குள்ளேயே இறங்கித் தண்ணீர் எடுக்கத் தொடங்கினார்கள். தண்ணீர் உள்வாங்கியிருந்ததால் கரை முழுக்க வழுக்கும் வண்டல். பார்த்துவிட்டு, பிடித்து இறங்க ஒரு கயிறு கட்டச் சொன்னேன். கட்டினார்கள். கயிறு கட்டியதும் என் மனசு சமாதானமாகிவிட்டது.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். காலையில் எங்கள் ஜீப்பு மேலே போனபோது இயந்திரங்களைக் கழற்ற மிச்சமிருந்த துளையிடும் தொழிலாளர்கள் தண்ணீருக்குள் நின்றார்கள். இரண்டு பிளாஸ்டிக் குடங்கள் மிதந்தன. தோட்டத்துக்குப் போகிற அவசரத்தில், இரண்டு கையிலும் குடம் இருந்ததால், அந்த அக்கா கயிற்றைப் பிடிக்கவில்லை என்று கூட வந்த பெண் அழுதுகொண்டே சொன்னாள். சிறிது நேரத்தில் தூக்கி வந்தார்கள்; மூச்சு இல்லை. முகத்தில் வண்டல் அப்பியிருந்தது. நான் என் துப்பட்டாவால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

அங்கே வேறு வண்டி இல்லை. எங்கள் ஜீப்பில்தான் போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பின்னால் அவர் புருஷன் தலையை மடியில் தாங்கியிருந்தார். ஒவ்வொரு வளைவிலும் டிரைவரிடம், "மெதுவாப் போங்கண்ணே, தலை ஆடுது" என்றார். நான் முன்சீட்டில் திரும்பாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒரே வாரத்தில் குழாய் வந்துவிட்டது. பட்டியல் எதுவும் தேவைப்படவில்லை. செயற்பொறியாளர் வெயிலில் நின்று வேலை வாங்கினார். கிளம்பும்போது என்னிடம், "நம்ம மேல ஒண்ணும் வராதும்மா. நீ கடிதம் போட்டிருக்கேல்ல" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அந்தக் கடிதத்தின் நகலைக் கிழித்துப் போட வேண்டும் என்று பல நாள் நினைத்தேன். கிழிக்கவில்லை. அது என்னைக் காப்பாற்றும் என்பது எனக்கும் தெரிந்திருந்தது.

அந்த வருடம் மழை நின்று பெய்தது. அணை நிரம்பியது. வெளிச்சுவரில் ஒரு சொட்டு இல்லை. அப்பா போனில், "இந்த மழைக்கு ஊர்ல ஒருத்தரும் பயப்படலம்மா, உங்க சோலி நல்ல சோலி" என்றார்.

மழை விட்ட பிறகு லயத்துக்குப் போனேன். அந்த அக்காவின் புருஷன் வாசலில் தோட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"இப்ப அணை உறுதியா இருக்குல்ல மேடம்?"

"இருக்குண்ணே."

"அப்பச் சரி."

கூடையை எடுத்துத் தோளில் மாட்டினார். காய் எடுக்கும் பருவம், நின்று பேச நேரமில்லை. அவர் மேட்டில் ஏறி ஏலச்செடிகளுக்குள் மறையும்வரை நின்றுவிட்டு நான் திரும்பினேன்.