கெங்கம்மாளும் ஏரிக்கரை வௌவால்களும்

திருத்தணிக்குக் கிழக்கே, ஏரிக்கரையை ஒட்டிய கஜபதியின் நிலத்தில் நின்ற ஆலமரத்தில் முந்நூறுக்குக் குறையாத பழந்தின்னி வௌவால்கள் தொங்கின. கணவனை இழந்து ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்த கெங்கம்மாளுக்குச் சோறிட்டவை அவைதாம். வயல்வேலை இல்லாத கோடையில் அவை எங்கிருந்தோ இலுப்பைப் பழங்களைக் கவ்விவந்து, சதையைச் சப்பிவிட்டுக் கொட்டையைக் கீழே போடும். அவள் பொறுக்கி உலர்த்திச் செக்கில் கொடுப்பாள். யுத்தத்தால் மண்ணெண்ணெய் கிடைக்காத 1943இல், அவள் தெருவின் விளக்குகள் அந்த இலுப்பெண்ணெயில்தான் எரிந்தன.

அவ்வாண்டு அக்கினி நட்சத்திரத்தில் ஒரு நண்பகல். கஜபதி மரத்தடியில் வைக்கோலைக் குவித்து, அதன்மேல் காய்ந்த மிளகாயைக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா இது?" கொட்டை பொறுக்க வந்த கெங்கம்மாள் கேட்டாள்.

"மேல பாரு. எல்லாம் இறக்கைய அடிச்சிகினு, ஒடம்பெல்லாம் எச்சில் வழிய கெடக்குது. சீக்கு! ஊருக்குப் பரவறதுக்குள்ள புகை போட்டு ஓட்டிடறேன்."

கெங்கம்மாள் பதறினாள். ஒவ்வொரு தாயின் மார்பிலும் ஒற்றைக் குட்டி ஒட்டியிருந்தது. புகைக்கு மிரண்டு பறந்தால் குட்டிகள் பிடி நழுவி விழும். கூட்டமும் திரும்பி வராது.

"சீக்கு இல்ல நைனா. வெயிலுக்கு விசிறிக்குது. எச்சில பூசிக்கினா அதுக்குக் குளுமை. பதினோரு கோடையா பாக்கறேன்."

"ஆங், வௌவாலுக்கு வைத்தியச்சி வந்துட்டா!"

"பொழுது சாயற மட்டும் பொறுங்க. சீக்குன்னா ஒண்ணும் எழும்பாது. அப்ப நானே நெருப்பு வெக்கறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, இப்படியொரு வெயிலை அவளும் கண்டதில்லை.

கதிரவன் மலைக்குப் பின்னால் இறங்கினான். ஒன்றும் அசையவில்லை. கஜபதி தீப்பெட்டியை எடுத்தார். அப்போது உச்சிக்கிளையிலிருந்து ஒன்று பிடியை விட்டது, பின்னர் பத்து, பின்னர் மரமே எழுந்தாற்போல் அத்தனையும். ஏரிமேல் தாழப் பறந்து, வயிற்று மயிரை நீரில் நனைத்து, அந்த ஈரத்தை நக்கிக் குடித்தன. பிறகு நகரி மலைப் பக்கம் திரும்பின.

கஜபதி தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டார்.

"மொளகாயப் பொறுக்கிக் குடும்மா. வூட்ல தெரியாம எடுத்தாந்தேன்."

இருவரும் குனிந்து பொறுக்கினார்கள்.

"புகையே போடல, உன் கண்ணு ஏன் கலங்குது?"

"மொளகா நெடி நைனா" என்றாள். பிறகு நிமிர்ந்து, வடக்கே போகும் கூட்டத்தை நோக்கி, மிளகாய் ஏந்திய கைகளாலேயே கும்பிட்டாள்.