கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டவர்

தலையில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க, சேலையூர் ஸ்கேன் மையத்தில் எனக்கு அது மூன்றாவது முயற்சி. முந்தைய இரண்டு செவ்வாய்க்கிழமைகளிலும் ஸ்கேன் இயந்திரத்தின் குழாய்க்குள் மூச்சடைத்து, கத்தி, வெளியே வந்துவிட்டேன். இனியும் தள்ளிப்போனால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அங்கே ஓர் ஆயா இருந்தார். கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு, காதில் தோட்டுக்குப் பதில் வேப்பங்குச்சி.

"காதுல என்னம்மா?"

"உள்ள நகை ஆவாது சார், மிசினு காந்தம் இழுத்துரும். உன்ன மாதிரி யார்னா கத்துனா உள்ள ஓடணும், கழட்டிக்கினா நிக்க முடியும்? அதான் வூட்லயே வெச்சிட்டு வந்துர்றது."

என்னைப் படுக்கவைத்துக் குழாய்க்குள் தள்ளினார்கள். இயந்திரம் தடதடவென்று இடித்தது. எனக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. எழப் போனேன். வெளியே நீட்டியிருந்த என் கால் கட்டைவிரலை ஒரு கை இறுகப் பிடித்தது.

சத்தம் ஓய்ந்த சில நொடிகளில் கேட்டேன்: "போயிட மாட்டீங்களே?"

"ஓடுற ஆளு நீதான் சார். நான் இங்கதான் கீறேன்."

"உங்களுக்குப் பயமே இல்லையா?"

"யாரு சொன்னா? இந்த சத்தம் எனக்கும் ஆவாது. அதான் உன் வெரல புட்ச்சிக்கினு கீறேன்."

இருபத்திரண்டு நிமிடம் கிடந்தேன். கட்டி இல்லை என்று மறுநாள் தெரிந்தது. அவர் சொன்னது உண்மையா, என்னைத் தேற்றச் சொன்னதா என்று இன்றும் தெரியவில்லை. ஆனால் அதைக் கேட்ட பிறகு, அவருக்காக, நான் காலை அசைக்கவே இல்லை.